எண்ணிக்கை சொல்வதா, வலி சொல்வதா?

நாட்பட்ட இடுப்பு வலியோ மூட்டு வலியோ உள்ளவர் ஒருவர் உங்கள் வீட்டிலோ அடுத்த வீட்டிலோ கட்டாயம் இருப்பார். அவரிடம் ஒரு தாளும் இருக்கும். பிசியோதெரபி செய்பவர் எழுதிக் கொடுத்த தாள். 'முதல் வாரம் 10 முறை, இரண்டாம் வாரம் 15, மூன்றாம் வாரம் 20' என்று அதில் கண்டிருக்கும். அடுத்த முறை அந்தத் தாளைப் பார்க்கும்போது ஒரு கேள்வியைக் கேட்டுப் பாருங்கள். இந்த 10 எங்கிருந்து வந்தது? அதை 15 ஆக்கச் சொன்னது யார்? நோயாளியின் உடலா, நாட்காட்டியா?

இந்தக் கணக்குக்கு ஒரு பூர்வீகம் உண்டு. அமெரிக்காவில் சியாட்டில் நகரிலுள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய வில்பர்ட் ஃபோர்டைஸ் என்ற உளவியலார் 1976-ல் ஒரு நூல் வெளியிட்டார். நாட்பட்ட வலிக்கும் நோய்க்கும் உரிய நடத்தையியல் முறைகள் என்று அதன் தலைப்பைத் தமிழில் சொல்லலாம். மருத்துவர்களுக்காகவும் சிகிச்சையாளர்களுக்காகவும் எழுதப்பட்ட நூல் அது. ஆசிரியரும் 2009-ல் காலமாகிவிட்டார். ஏறத்தாழ அரை நூற்றாண்டுப் பழமையுள்ள ஒரு நூலை இப்போது ஏன் மதிப்பிட வேண்டும் என்று நீங்கள் கேட்கலாம். பிசியோதெரபி அறைகளில் அந்த நூல் இன்றும் வாழ்கிறது என்பதே என் விடை. ஆனால் அதில் பாதிதான் வாழ்கிறது. மற்றப் பாதியை எங்கோ தொலைத்துவிட்டார்கள். என் முதுகு அதற்குச் சாட்சி.

நூல் எழுதப்பட்ட காலத்தை முதலில் மனத்தில் கொள்ள வேண்டும். முதுகு வலித்தால் படு, மேலும் வலித்தால் மேலும் படு என்பதே அன்றைய பொது விதி. வாரக்கணக்கில் படுக்க வைத்தார்கள். இந்த விதியின் அடித்தளம் எவ்வளவு பலவீனமானது என்பது பின்னர்தான் வெளிப்பட்டது. 1986-ல் டெக்சஸ் மாநிலத்தில் 203 முதுகு வலி நோயாளிகளை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினருக்கு 2 நாள் படுக்கையும் மற்றவருக்கு 7 நாள் படுக்கையும் பரிந்துரைத்துப் பார்த்தனர். இரண்டு நாள் பிரிவினர் வேலைக்குப் போகாமல் இழந்த நாட்கள் 45 விழுக்காடு குறைவு. மற்றபடி நலத்தில் இரு பிரிவினரிடையே சொல்லத்தக்க வேறுபாடு இல்லை. இந்த ஆய்வு வருவதற்குப் பத்து ஆண்டுகளுக்கு முன்பே, படுக்கை மருந்தன்று, அதுவே நோயை வளர்க்கும் என்று ஃபோர்டைஸ் எழுதினார். அந்தத் துணிச்சலுக்கு நாம் தலை வணங்கத்தான் வேண்டும்.

அவருடைய வாதம் எளிமையானது. வலியை யாரும் பார்க்க முடியாது. நாம் பார்ப்பதெல்லாம் முனகுவது, முகம் சுளிப்பது, நொண்டுவது, மாத்திரை கேட்பது, படுத்துக்கொள்வது ஆகிய செயல்களைத்தான். இவை நடத்தைகள். எந்த நடத்தைக்குப் பின் நன்மை கிடைக்கிறதோ அந்த நடத்தை பெருகும் என்பது ஸ்கின்னர் வழிவந்த நடத்தையியலின் அடிப்படை. முனகினால் மனைவி ஓடி வருகிறார். வலிக்கிறது என்றால் மாத்திரை கிடைக்கிறது. பயிற்சியின் நடுவே வலித்தால் ஓய்வு கிடைக்கிறது. ஆக, வலியைக் காட்டுவதற்கு ஒவ்வொரு முறையும் ஒரு பரிசு! காயம் ஆறிய பின்னும் இந்தப் பரிசுகள் நின்றபாடில்லை. எனவே நடத்தையும் நிற்பதில்லை என்றார் அவர். நோயாளி பாசாங்கு செய்கிறார் என்று அவர் சொல்லவில்லை. இது நோயாளியே அறியாமல் நிகழும் கற்றல் என்பதுதான் அவர் கருத்து. அவரைக் குறை கூறுவோர் பலர் இந்த வேறுபாட்டைக் கவனிப்பதில்லை.

இனி அவருடைய சிகிச்சை. பரிசை இடம் மாற்றுவதே அதன் சாரம். மருந்தை வலிக்கும்போது கொடுக்காமல் கடிகாரத்தைப் பார்த்துக் கொடுப்பார்கள். அதையும் நிறமும் சுவையும் மறைக்கும் ஒரு பாகில் கலந்து கொடுத்து, மருந்தின் அளவைப் படிப்படியாகக் குறைப்பார்கள். ஓய்வை வலி வந்ததற்காக அல்லாமல், குறித்த அளவு பயிற்சியை முடித்ததற்காகத் தருவார்கள். இந்தக் குறித்த அளவுக்கு அவர் இட்ட பெயரை 'நாளளவு' என்று நான் தமிழாக்கிக்கொள்கிறேன்.

நாளளவை எப்படிக் கணக்கிடுவது? இதுதான் நூலின் உயிர்நாடி. முதல் சில நாட்களுக்கு எந்த இலக்கும் கிடையாது. வலியோ தளர்ச்சியோ சோர்வோ நிறுத்தச் சொல்லும் வரை பயிற்சியைச் செய்யுமாறு நோயாளியிடம் கூறிவிட்டு, எண்ணிக்கையைக் குறித்துக்கொள்வார்கள். ஒருவர் ஒரு நாள் 12 முறை, மறுநாள் 8, அதற்கடுத்த நாள் 10 முறை செய்தார் என்று வைத்துக்கொள்வோம். சராசரி 10. இது தொடக்க அளவு. முதல் நாளளவு இந்தப் பத்தும் அல்ல. அதற்கும் கீழே, 8 என்பதுபோல் அமையும். நோயாளியால் நிச்சயம் முடிக்கக்கூடிய அளவாக அது இருக்கவேண்டும். பிறகுதான் சிறுகச் சிறுக ஏற்றுவது.

மேலே சொன்ன தாளை மறுபடி பாருங்கள். அதில் ஏற்றம் இருக்கிறது. தொடக்க அளவு எங்கே?

11 ஆண்டுகளுக்கு முன் மிதிவண்டியிலிருந்து விழுந்தேன். எலும்பு முறியவில்லை. ஆனால் அன்று வந்த இடுப்பு வலி விருந்தாளியாக வந்து வீட்டுக்காரனாகிவிட்டது. நகரத்து மருத்துவமனை ஒன்றில் எனக்கும் ஒரு தாள் கொடுத்தார்கள். மல்லாந்து படுத்து, முழங்காலை மடக்கி, இடுப்பைத் தூக்கி இறக்கும் பயிற்சி. முதல் வாரமே 30 முறை. என்னால் எத்தனை முடியும் என்று யாரும் கேட்கவில்லை. பள்ளியில் பெளதிகம் கற்பித்தவன் நான். எழுதிக் கொடுத்த எண்ணுக்குக் கட்டுப்படுவது என் இயல்பு. நல்ல நாளில் முப்பதைச் செய்துவிட்டு, 'நாற்பது ஏன் கூடாது?' என்று அதையும் செய்தேன். அந்த உற்சாகத்திலேயே பரணில் ஏறிப் பழைய புத்தகங்களையும் இறக்கினேன். அடுத்த நான்கு நாள் படுக்கை. ஐந்தாம் நாள் குற்ற உணர்வோடு மறுபடி முப்பது. இந்த ஏற்றமும் சரிவும் இரண்டு ஆண்டுகள் நடந்தன. முடிவில் கடைத்தெரு வரை நடக்கவும் அஞ்சும் நிலைக்கு வந்துவிட்டேன்.

பின்னர் வேறோர் இடத்தில் ஓர் இளம் பெண் சிகிச்சையாளர் என் தாளை வாங்கி மேசைமேல் கவிழ்த்து வைத்தார். "சார், நல்ல நாளில் எத்தனை செய்வீங்கன்னு கேக்கலை. ரொம்ப மோசமான நாளில் எத்தனை முடியும்?" என்றார். யோசித்துவிட்டு, "ஆறு" என்றேன். "அப்போ அஞ்சுலேருந்து ஆரம்பிக்கலாம். நல்லா இருக்கிற நாளிலும் அஞ்சுதான். அதுக்கு மேலே போகமாட்டேன்னு எனக்கு வாக்குக் கொடுங்க" என்றார். முப்பதிலிருந்து ஐந்துக்கு இறங்குவது அவமானமாக இருந்தது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஃபோர்டைஸ் நூலை அப்போது நான் கண்டதில்லை. பிற்பாடு ஒரு நூலகத்தில் அதைப் படித்தபோது, இந்தப் பெண் செய்தது நூலில் உள்ளதையே, என்னை அவமானப்படுத்திய அந்தப் பாதியையே, என்று புரிந்தது. நாளளவின் உட்கருத்தை நேர்மையாகப் பின்பற்றினால், அது சோம்பலுக்குப் போடும் தளை மட்டுமன்று, ஆர்வக்கோளாறுக்குப் போடும் தளையும் ஆகும்.

இதுவரை புகழ்ந்தாயிற்று. இனிக் குறைகள்.

வலி என்பது சேதத்தை அளக்கும் கருவியன்று என்பதில் ஃபோர்டைஸ் சொன்னது சரி. ஆனால் ஏன் அன்று என்பதற்கு இந்த நூல் தரும் விளக்கம் போதாது. நடத்தையின் மேற்பரப்பிலேயே அது நின்றுவிடுகிறது. வலிச் செய்திகள் தண்டுவடத்தில் உள்ள ஒரு 'கதவு' வழியே கட்டுப்படுத்தப்படுகின்றன என்று மெல்சாக், வால் என்ற இருவர் 1965-லேயே எழுதிவிட்டனர். நூல் வந்து ஏழு ஆண்டுகளுக்குப் பின், 1983-ல், கிளிஃபோர்டு வுல்ஃப் எலிகளில் செய்த ஆய்வு மேலும் ஒரு வாயிலைத் திறந்தது. காயத்துக்குப் பின் தண்டுவட நரம்பணுக்களே மிகையாகக் கூருணர்வு பெறக்கூடும் என்று அவர் காட்டினார். மெதுவான தீண்டலும் வலியாகும். வானொலிப் பெட்டியின் ஒலிக் குமிழைத் திருகிவிட்டால் கிசுகிசுப்பும் கூச்சலாகக் கேட்பது போன்றது இது. நிலையத்தில் கத்துகிறவர் யாருமில்லை. ஆனால் உங்கள் காதில் விழும் கூச்சல் மெய்தான்.

இந்த அறிவு கிடைத்த பின், முனகலை வெறும் 'பரிசு பெற்ற நடத்தை' என்று எண்ணுவது கடினம். இன்னொரு செய்தியும் உண்டு. உடல்நலமுள்ளவர் பயிற்சி செய்தால் சிறிது நேரத்துக்கு வலி தாங்கும் ஆற்றல் உயர்கிறது. உடலே ஒரு வலிநிவாரணியைச் சுரப்பதுபோல. ஃபைப்ரோமயால்ஜியா போன்ற நாட்பட்ட வலியுள்ளவர்கள் சிலரிடம் இந்த உயர்வு நிகழ்வதில்லை. சிலருக்குத் தாங்கும் ஆற்றல் பயிற்சிக்குப் பின் குறைந்தும் போகிறது. ஒரே பத்து முறை ஒருவருக்கு மருந்து, மற்றவருக்குச் சுமை. அவர்களைக் கோழை என்றோ சோம்பேறி என்றோ சொல்லுமுன் இதை எண்ணிப் பார்க்க வேண்டாமா?

ஆகவே என் முதல் குறை இது: எண்ணிக்கைதான் முடிவு செய்யும் என்று வைத்துவிட்டால், உடல் உண்மையாகவே 'போதும்' என்னும்போது அதைக் கேட்க யார் இருக்கிறார்கள்? ஃபோர்டைஸ் இதற்குச் சில காவல்களை வைத்தார். நோயாளிகளைப் பொறுக்கி எடுத்தார். பயிற்சியால் கேடில்லை என்று மருத்துவச் சோதனையில் உறுதி செய்த பின்பே தொடங்கினார். வாரக்கணக்கில் மருத்துவமனையிலேயே தங்க வைத்து, பயிற்சி பெற்ற பணியாளர்கள் கண்காணிக்கச் செய்தார். இந்தக் காவல்களையெல்லாம் கழற்றிவிட்டு எண்ணிக்கையை மட்டும் தாளில் எழுதி வீட்டுக்கு அனுப்புகிறார்கள் என்றால், பழியை முழுவதும் ஃபோர்டைஸ்மேல் போடுவது நியாயமன்று. ஆனாலும் அவருக்கும் ஒரு பங்கு உண்டு. வலிச்சொல்லைக் கேட்டால் அது வளரும் என்று ஒருவருக்குப் பயிற்சி கொடுத்துவிட்டு, கேட்க வேண்டிய வலிச்சொல்லை மட்டும் அவர் தவறாமல் கேட்பார் என்று எதிர்பார்க்க முடியாது.

இரண்டாவது குறை வீட்டைப் பற்றியது. முனகலைக் கண்டுகொள்ளாதிருக்கவும், நோயாளி நன்றாக நடமாடும்போது கவனம் செலுத்தவும் துணைவருக்குக் கற்பிக்க வேண்டும் என்பது இந்த முறையின் ஓர் அங்கம். இந்தப் பகுதியை என் மனைவிக்கு வாசித்துக் காட்டினேன். "வலிக்கு முனகறது எது, காப்பிக்கு முனகறது எதுன்னு எனக்குத் தெரியாதா? இதுக்கு அமெரிக்காவிலேருந்து ஒருத்தர் எழுதணுமா?" என்றாள். வேடிக்கையாகச் சொன்னாலும், நூலுக்கு எதிரான நல்ல வாதம் இதுதான். பல்லாண்டு உடனிருப்பவர் இரண்டையும் பிரித்தறிகிறார். பிரித்தறியும் அந்த அறிவைப் பயன்படுத்தாமல், இரண்டுக்கும் ஒரே மௌனத்தை விதிப்பது விரயம்.

எண்ணிக்கைக் கணக்கு அளவு மீறிப் போனால் என்ன ஆகும் என்பதற்கு ஒரு பாடம் இங்கிலாந்திலிருந்து கிடைத்தது. அது வேறொரு நோய் பற்றியது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நாட்பட்ட சோர்வு நோய் என்று அதற்குப் பெயர். சிறு உழைப்புக்குப் பின் ஒரு நாளோ இரு நாளோ கழித்து உடல் மொத்தமும் சரிந்துவிடுவது அதன் தனிக்குறி. நோயாளிகள் பயத்தால் அசையாமல் இருந்து பலம் குன்றிவிட்டனர், உழைப்பைப் படிப்படியாக ஏற்றினால் தேறுவர் என்ற கருத்தில் 641 பேரைக் கொண்டு ஒரு பெரிய ஆய்வு நடத்தி, 2011-ல் 'லான்செட்' இதழில் வெளியிட்டனர். படிப்படி ஏற்றப் பயிற்சி ஓரளவு பலனளித்தது என்றது அறிக்கை. நோயாளிகள் பலர் கொதித்தனர். தங்களுக்கு நேர்ந்தது அதுவல்ல என்றனர். பின்னர் ஆய்வின் கணக்கைத் துருவியவர்கள் வியப்பான ஒன்றைக் கண்டார்கள். உடலியக்க மதிப்பெண் நூற்றுக்கு 65 அல்லது அதற்குக் கீழ் இருந்தால் ஆய்வில் சேர்க்கும் அளவு நோயாளி. ஆனால் முடிவில் 60 பெற்றாலே அந்த மதிப்பெண் 'இயல்பான வரம்பில்' சேரும்! அறுபத்தைந்தில் நுழைந்து அறுபதுக்கு இறங்கியவரும் அந்த வரம்புக்குள் வந்துவிடுவார். என் மாணவன் இப்படி ஒரு கணக்கைப் போட்டிருந்தால் விடைத்தாளைத் திருப்பிக் கொடுத்திருப்பேன்.

அந்நாட்டின் மருத்துவ வழிகாட்டு நிறுவனமான நைஸ் 2007-ல் பரிந்துரைத்த அந்தப் பயிற்சி முறையை 2021 அக்டோபரில் கைவிட்டது. நாட்காட்டிப்படி நிலையாக ஏற்றிச் செல்லும் எந்தத் திட்டத்தையும் இந்நோயாளிகளுக்கு அளிக்க வேண்டாம் என்றது. இங்கு ஒன்றைக் கவனியுங்கள். அதே நிறுவனம் அதே 2021 ஏப்ரலில், தெளிவான காரணம் புலப்படாத நாட்பட்ட வலிக்கு மேற்பார்வையுடன் கூடிய உடற்பயிற்சியைப் பரிந்துரைத்தது. பாரசிட்டமாலும் ஓபியாய்டு மருந்துகளும் தொடங்க வேண்டாம் என்றும் சொல்லியது. ஓராண்டுக்குள் ஒரே இடத்திலிருந்து ஒருவருக்கு 'அசை', மற்றவருக்கு 'ஏற்றாதே'. இது முரண்பாடன்று. பயிற்சி என்பது ஒரு பண்டம் அல்ல, யாருக்கு எந்த அளவு என்பதோடு சேர்ந்தே அதற்குப் பொருள் உண்டு. இரண்டு நோயும் சேர்ந்து உள்ளவர்களும் இருக்கிறார்கள் என்பதால், தாளை எழுதுமுன் அந்தக் கேள்வியைக் கேட்டே ஆக வேண்டும்: 'செய்த அன்று எப்படி இருந்தது என்பதிருக்கட்டும், மறுநாளும் அதற்கு மறுநாளும் எப்படி இருந்தது?'

இந்தக் கேள்வியை நீங்களே உங்களைக் கேட்டுக்கொள்ளலாம். பயிற்சி செய்யும்போது வலி சற்றுக் கூடி, அன்று மாலையோ மறுநாளோ பழைய நிலைக்குத் திரும்பிவிட்டால் பெரும்பாலும் அச்சப்படத் தேவையில்லை. மறுநாளும் தணியாமல், வழக்கமான வேலைகளையும் கெடுத்தால், அளவு அதிகம் என்று கொண்டு கீழே இறங்குங்கள். முழுவதும் நிறுத்த வேண்டாம். இதிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. பழகாத தசைக்கு வேலை கொடுத்தால், நல்ல உடலுள்ளவருக்கும் ஒன்றிலிருந்து மூன்று நாள் வரை தசைநோவு இருக்கும். அது தொட்டால் நோகும், இரு பக்கமும் ஒத்திருக்கும், தானே தேயும். பழைய வலியின் சாயல் அதற்கு இராது. இரண்டையும் பிரித்தறிய எனக்கு ஏறக்குறைய ஓராண்டு பிடித்தது. எண்ணிக்கையோடு கூட மறுநாள் நிலையையும் ஒரு வரி எழுதி வைத்ததால்தான் பிடிபட்டது. முதுகு வலியோடு கால் புதிதாக வலுவிழந்தாலும், இருக்கைப் பகுதி மரத்துப்போனாலும், சிறுநீர் மலம் கட்டுப்பாட்டை மீறினாலும், காய்ச்சலோ காரணமற்ற எடைக் குறைவோ கண்டாலும் அது நாளளவின் விஷயமே அன்று. தாளை மூடிவிட்டு உடனே மருத்துவரிடம் செல்ல வேண்டும்.

ஃபோர்டைஸ் தம் முறை வலியைப் போக்கும் என்று வாக்களிக்கவில்லை என்பதையும் பதிவு செய்ய வேண்டும். முடங்கிக் கிடப்பவரை நடமாட வைப்பதே அவர் குறி. அந்த அளவில் அவர் நேர்மையானவர். எனக்கும் வலி போகவில்லை. ஐந்தில் தொடங்கிய நான் இப்போது பதினெட்டில் நிற்கிறேன். அங்கேயே ஏழு மாதமாக நிற்கிறேன். ஒருமுறை இருபதுக்குப் போய்ப் பார்த்தேன், மூன்றாம் நாள் உடல் கணக்குக் கேட்டது. பதினெட்டு என் எல்லையா, இந்த ஆண்டின் எல்லை மட்டுந்தானா என்பதை அடுத்த மழைக்காலம் கழித்து மறுபடி சோதித்துப் பார்க்க எண்ணம். கடைத்தெருவுக்கு நடந்து போகிறேன், திரும்பியும் நடந்தே வருகிறேன்.

இந்த நூலைப் பொது வாசகருக்கு நான் பரிந்துரைக்கமாட்டேன். நடை வறட்சியானது, நோயாளி அதில் பெரும்பாலும் ஒரு வரைபடமாகவே வருகிறார். ஆனால் தாள் எழுதிக் கொடுக்கும் தொழிலில் இருப்பவர்கள் தேடிப் படிக்கலாம். ஏற்றுவது பற்றிய பக்கங்களை அவர்கள் ஏற்கெனவே அறிவார்கள். தொடக்க அளவு பற்றிய பக்கங்களைப் படித்துவிட்டு, அடுத்த நோயாளி வரும்போது பேனாவைத் திறக்குமுன் அந்த இளம் பெண் கேட்ட கேள்வியைக் கேட்கட்டும்.